ஊசியைத் திருப்பிக் கொடுத்தாச்சா?

எங்கம்மா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். எக்ஸ்போர்ட் ஆர்டர் தைக்கும்போது ஊசி உடைஞ்சா, உடனே புது ஊசி தரமாட்டாங்க. உடைஞ்ச துண்டுகளைப் பொறுக்கி, சேர்த்து வெச்சு, முழு ஊசி வருதான்னு பார்த்து, ரெஜிஸ்டர்ல ஒட்டின பிறகுதான் புதுசு. ஒரு துண்டு குறைஞ்சாலும் மெஷினை நிறுத்திட்டு, தைத்த துணி, மேசைக்கு அடியில் எல்லாம் தேடணும். குழந்தை போடுற பனியனில் ஊசி முனை இருந்தால் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

இதை ஏன் கம்ப்யூட்டர் பக்கத்தில் எழுதறேன்னு கேட்கிறீங்களா? எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிற கணக்கு சி பிளஸ் பிளஸ் புரோகிராமிலும் உண்டு நண்பர்களே!

விளையாட்டு விழாவுக்குப் பெயர் கொடுத்தவர்களை ஃபைலில் சேர்க்க ஒரு புரோகிராம் எழுதினேன். 32 பெயர் அடிச்சேன். பிழை எதுவும் காட்டலை. மறுநாள் திறந்தால், ஃபைல் இருக்கு, உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை! நேரா கம்ப்யூட்டரிலேயே அடிச்சதால் தாளிலும் இல்லை. மறுபடி வகுப்பு வகுப்பாப் போய்த் திட்டு வாங்கினேன்.

காரணம் இதுதான். நாம் எழுதச் சொன்னது உடனே டிஸ்க்குக்குப் போகாது. முதலில் மெமரியில் பஃபர் என்ற இடத்தில் சேரும். பஃபர் நிரம்பும்போதோ ஃபைலை மூடும்போதோதான் டிஸ்க்கில் இறங்கும். நான் ஃபைல் ஆப்ஜெக்டை 'நியூ' போட்டு உருவாக்கினேன். அப்படி உருவாக்கியதை நாமேதான் 'டெலீட்' செய்யணும். செய்தால்தான் அதோட டிஸ்ட்ரக்டர் ஓடி ஃபைலை மூடும். நான் மறந்துட்டேன்.

'நியூ' இல்லாமல், ஃபங்ஷனுக்குள் சாதாரண மாறி மாதிரி அறிவித்திருந்தால் தொல்லையே இல்லை. அடைப்புக்குறி மூடுகிற இடத்தில் அதன் ஆயுள் முடியும், டிஸ்ட்ரக்டர் தானாக ஓடும். நடுவிலேயே 'ரிட்டர்ன்' வந்தாலும் ஓடும். இந்த முறைக்கு ஆர்.ஏ.ஐ.ஐ. என்று பெயர் வைத்தவர், சி பிளஸ் பிளஸை உருவாக்கிய பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப்.

எனக்குப் போனது 32 பெயர்தான். 1992-ல் லண்டன் ஆம்புலன்ஸ் சேவையில் நடந்தது பெரிய கதை. ஒவ்வொரு வண்டியை அனுப்பும்போதும் அவங்க புது சிஸ்டம் சர்வரில் கொஞ்சம் மெமரியை எடுத்துக்கிட்டு, திருப்பி விடவே இல்லை. புரோகிராமர் ஒருவர் கவனிக்காமல் விட்டுவைத்த சின்னத் துண்டுதான் காரணம். மூணு வாரத்தில் மெமரி முழுசும் தீர்ந்து, நவம்பர் 4 அதிகாலையில் சிஸ்டம் நின்னு போச்சு. காகிதத்தில் எழுதி வண்டி அனுப்பினாங்க.

அதுக்காக பயந்துபோய் ரெண்டு தடவை 'டெலீட்' போடாதீங்க. ஒரே ஊசியை ரெண்டு தடவை கணக்குல ஒட்ட முடியுமா? அப்படிப் போட்டால் புரோகிராம் என்ன செய்யும்னு யாராலும் சொல்ல முடியாது.

'நியூ'வை எடுத்துட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தேன். 31 பெயர் வந்தது. ஒருத்தன் இப்ப ஓட மாட்டானாம்.