இணைப்பில் படியும் மாசு

சில திங்களுக்கு முன் ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அங்குள்ள மூதாட்டி நாள்தோறும் கேட்டுவந்த வானொலிப் பெட்டி கரகரவென்று இரைந்துகொண்டிருந்தது. “இனி இது தேறாது சாமி, பழைய இரும்புக்காரரிடம் போட வேண்டியதுதான்” என்றார் அவர் மகன். பெட்டியை நிறுத்தி, வெளி ஒலிபெருக்கியின் செருகியை இருமுறை உருவிச் செருகினேன். குரல் தெளிவாயிற்று. ஆனால் ஒரு மாதத்திற்குள் பழைய கரகரப்புத் திரும்பிவிட்டது. காரணம் என்ன?

வழவழப்பாகத் தோன்றும் உலோகப் பரப்பும் உண்மையில் மேடு பள்ளமானதே. இரு முனைகள் பொருந்தும்போது சில மேட்டு நுனிகள் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. மின்னோட்டம் முழுவதும் அப்புள்ளிகளின் வழியே பாய்கின்றது. இதனை விரிவாக ஆராய்ந்தவர் ராக்னர் ஹோல்ம் (1879–1970) என்னும் அறிஞர்.

அந்நுனிகளுக்குப் பகை காற்றும் ஈரமும். செம்பும் வெள்ளீயமும் ஆக்சைடுப் படலம் கொள்கின்றன. வெள்ளி கந்தக ஆவியால் கறுக்கின்றது. பொன் கறைபடாது, ஆயினும் பொற்பூச்சு மிக மெல்லியது, தேய்ந்தால் அடியிலுள்ள உலோகம் வெளிப்படும். மேலும், சூடாகி ஆறும்போதும் அதிரும்போதும் முனைகள் இம்மியளவு நகர்கின்றன. ஒவ்வொரு நகர்விலும் புதிய உலோகம் காற்றுப்பட்டு, மாசு சேர்கின்றது. செருகியை உருவிச் செருகுவது அம்மாசைத் துடைக்குமேயன்றித் தடுக்காது.

இது சிறு குறையன்று. கைப்பேசி மின்னூட்டியில் 3 ஆம்பியர் ஓடும்போது, இணைப்பில் 0.1 ஓம் தடை கூடினால், 0.3 வோல்ட் வீணாகி, 0.9 வாட் வெப்பம் அச்சிறு இடத்திலேயே பிறக்கும். தடை பெருகப் பெருக வெப்பமும் பெருகி, பிளாஸ்டிக் இளகவும் கூடும்.

இதற்கு மருந்து மெல்லிய மசகுப் பூச்சு. மசகு மின்சாரத்தைக் கடத்தாதே என்று ஐயுறலாம். வில்லழுத்தத்தால் மேட்டு நுனிகள் மசகை விலக்கிக்கொண்டு நேரே தொடும். பள்ளங்களில் தங்கும் மசகோ காற்றையும் ஈரத்தையும் தடுத்து, தேய்மானத்தையும் குறைக்கும்.

செய்முறை எளிது. மின்சாரத்தை நிறுத்தி, மின்கலங்களை அகற்றுக. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் முனையைத் துடைத்து உலர விடுக. அழுக்கின்மேல் பூசிப் பயனில்லை. மின்னிணைப்புகளுக்கென விற்கப்படும், பிளாஸ்டிக்கைக் கெடுக்காத கிரீஸைப் பூசி, மிகுதியைத் துடைத்துவிடுக.

தேங்காயெண்ணெய் வேண்டா. பொறி பறக்கும் சுவிட்சுகளில் சிலிக்கோன் கிரீஸ் ஆகாது. பொறியின் வெப்பத்தில் அது மின்கடத்தாத் துகளாகும். சுவர்ச் சாக்கெட்டில் கை வைக்காதீர். கருகிய செருகிக்கு மசகு மருந்தன்று. அதனை மாற்றியே ஆகவேண்டும்.

மறுமுறை சென்றபோது அவ்வானொலிச் செருகிக்கு இவ்வாறே செய்து கொடுத்தேன். பெட்டி இரும்புக்கடைக்குப் போகவில்லை. மூதாட்டியின் கட்டிலருகிலேயே இருக்கின்றது.