தபால் தலை பையனுக்கா? பொம்மை பெண்ணுக்கா?

லண்டன் நகரம். 1841-ஆம் ஆண்டு.

"டைம்ஸ்" பத்திரிகையில் விநோதமான விளம்பரம் ஒன்று வந்தது. கொடுத்தவர் ஓர் இளம்பெண். முத்திரை குத்திய பழைய தபால் தலைகளைத் தன் அலங்கார அறையின் சுவர் முழுவதும் ஒட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. 16 ஆயிரம் தபால் தலைகளைச் சேர்த்துவிட்டார். அதுவும் போதவில்லை! வீட்டில் வீணாகக் கிடப்பதை எனக்குத் தந்து உதவுங்கள் என்று ஊராரைக் கேட்டார்.

உலகின் முதல் தபால் தலை வெளிவந்து அப்போது ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. விக்டோரியா ராணியின் தலை பொறித்த அந்த ஒரு பென்னி தபால் தலை, 1840 மே மாதம் இங்கிலாந்தில் புழக்கத்துக்கு வந்தது.

மறு ஆண்டு "பஞ்ச்" என்ற நகைச்சுவைப் பத்திரிகை இந்தப் பைத்தியத்தைக் கிண்டல் செய்தது. வேலை இல்லாத பெண்கள் ராணியின் தலையைத் தேடி அலைகிறார்களாம்!

ஆனால் காலம் மாறியது. தபால் தலை ஒட்டுவதற்கென்று 1862-இல் பாரிஸ் நகரில் ஆல்பம் அச்சாயிற்று. அதற்கென்றே பத்திரிகைகள் வந்தன. 1869-இல் லண்டனில் சங்கமும் பிறந்தது. தபால் தலை சேர்ப்பது பெரிய மனிதர்களின் கலை ஆகிவிட்டது. அது முதல், "தபால் தலையா? அது ஆண்கள் சமாச்சாரம்" என்ற பேச்சும் பரவியது.

பெண் சேர்த்தபோது பைத்தியம். ஆண் சேர்த்தபோது கலை!

ஆண் பெயரில் ஒரு பெண்

1860-களில் இங்கிலாந்தின் தபால் தலைப் பத்திரிகையில் ஹெர்பர்ட் காமோன்ஸ் என்பவர் கட்டுரைகள் எழுதினார். விஷயம் தெரிந்த எழுத்து.

யார் இந்த ஹெர்பர்ட்? அவர் ஆண் அல்ல, பெண்! உண்மைப் பெயர் அடிலெய்ட் லூசி ஃபென்டன். கட்டுரையில் இருந்த அறிவு அவருடையது. மேலே இருந்த பெயர்தான் ஆணுடையது.

"ஆண்கள் கணக்காக, ஒழுங்காகச் சேர்ப்பார்கள். பெண்கள் அழகாக இருந்தால் எடுத்து வைத்துக்கொள்வார்கள்." இப்படி ஓர் அபிப்பிராயம் வெகு நாளாக இருந்து வருகிறது. அது உண்மையா? ஓர் அண்ணன், தங்கை கதையைப் பாருங்கள்.

ஒரே வீட்டில் இருவர்

அண்ணன் பெயர் ஜோசப் பாங்க்ஸ். 1768-இல் கேப்டன் குக்குடன் கப்பல் ஏறி உலகைச் சுற்றியவர். போன இடமெல்லாம் செடி கொடிகளைச் சேர்த்துக்கொண்டு திரும்பினார். லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவராக 41 ஆண்டுகள் இருந்தார்.

தங்கை பெயர் சாரா சோபியா. 1744-இல் பிறந்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. லண்டனில் அண்ணன் வீட்டிலேயே வாழ்ந்தார்.

தங்கையும் சேர்த்தார். நாணயங்களும் பதக்கங்களும் சுமார் 9 ஆயிரம். நாடக டிக்கெட், விருந்து அழைப்பு, விசிட்டிங் கார்டு, கடை நோட்டீஸ் என்று காகிதங்கள் மட்டும் சுமார் 19 ஆயிரம்!

அண்ணன் சேர்த்ததற்கு விஞ்ஞானம் என்று பெயர். தங்கை சேர்த்ததோ, ஆட்டம் முடிந்ததும் தெருவில் எறிகிற காகிதம். ஆனால் தங்கை அவற்றை மூட்டையாகக் கட்டிப் போடவில்லை. நாணயங்களை நாடு வாரியாகப் பிரித்தார். பட்டியல் எழுதினார்.

1818-இல் அவர் காலமானதும், அவை பிரிட்டிஷ் மியூசியத்துக்கும் அரசாங்க நாணயச் சாலைக்கும் போய்ச் சேர்ந்தன. 200 ஆண்டுகளுக்கு முன் லண்டன் மக்கள் என்ன வாங்கினார்கள், எந்த வேடிக்கையைப் பார்க்க ஓடினார்கள் என்று அறிய விரும்பும் சரித்திர ஆசிரியர்களுக்கு அந்தக் காகிதங்கள் இன்று புதையல்!

அண்ணன் தலைமை வகித்த ராயல் சொசைட்டி, பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது எப்போது தெரியுமா? 1945-இல்!

22 ஆயிரம் பட்டாம்பூச்சி

மார்கரெட் ஃபவுன்டெய்ன் என்ற ஆங்கிலப் பெண்மணி பட்டாம்பூச்சி சேர்த்தார். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நாடு நாடாக அலைந்தார். இந்தியாவுக்கும் வந்தார்.

பட்டாம்பூச்சி அழகானதுதான். ஆனால் அவர் அழகோடு நிற்கவில்லை. முட்டையில் இருந்தே வளர்த்தார். புழு என்ன தின்கிறது, எப்போது கூடு கட்டுகிறது என்று குறித்து வைத்தார். புழுக்களைப் படமாக வரைந்தார். பூச்சி ஆராய்ச்சிப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார்.

1940-இல் டிரினிடாட் தீவில் அவர் உயிர் நீத்தார். அப்போது வயது 77. அவர் விட்டுச் சென்ற 22 ஆயிரம் பட்டாம்பூச்சிகள் நார்விச் நகர மியூசியத்துக்குப் போயின. அவற்றோடு பூட்டிய பெட்டி ஒன்றும் போயிற்று. 1978-க்கு முன் திறக்கக் கூடாது என்பது அவர் கட்டளை. திறந்தபோது உள்ளே 12 நாட்குறிப்புப் புத்தகங்கள் இருந்தன!

பொம்மை சேர்த்த ஆண்

சரி, பொம்மை பெண்களுடையதுதானே?

டெல்லிக்குப் போனால் அதற்கும் பதில் கிடைக்கும். அங்கே 1965-இல் திறந்த பொம்மை மியூசியம் இருக்கிறது. பல நாடுகளில் இருந்து வந்த பொம்மைகள் ஆயிரக்கணக்கில் அதில் சேர்ந்தன. சேர்த்தவர் சங்கர் பிள்ளை. அரசியல் தலைவர்களைக் கேலிச்சித்திரத்தில் வறுத்து எடுத்த அதே சங்கர்!

ஹங்கேரி நாட்டுத் தூதர் கொடுத்த ஒரு பொம்மை அவர் மனத்தைக் கவர்ந்தது. அது முதல் எந்த நாட்டுக்குப் போனாலும் பொம்மை வாங்கினார்.

பள்ளிப் பிள்ளைகள் சொன்ன பதில்

1900-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், கரோலின் பர்க் என்ற பெண்மணி ஆயிரத்துக்கும் அதிகமான பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய விசாரணை முடிவை வெளியிட்டார். பத்தில் ஒன்பது பேர் ஏதாவது சேர்த்துக்கொண்டிருந்தார்கள். சிறுவர், சிறுமியர் இரு சாராரும் அப்படித்தான்!

அப்படியானால் வேறுபாடே இல்லையா? உண்டு. ஆண் கையில் பணம் இருந்தது. வெளியூர் போக அனுமதி இருந்தது. கூடிப் பேசச் சங்கம் இருந்தது. பெண்ணுக்கு வீட்டுக்குள் கிடைத்ததுதான் கிடைத்தது. வேறுபாடு ஆசையில் இல்லை, வசதியில் இருந்தது.

நம் வீட்டு நவராத்திரிக் கொலுவைப் பாருங்கள். பாட்டியின் மரப்பாச்சி, அம்மா வாங்கிய தசாவதாரம், மருமகள் கொண்டு வந்த செட்டியார் பொம்மை. படி ஒற்றைப்படை எண்ணில்தான் இருக்க வேண்டும். எது மேல் படி, எது கீழ்ப் படி என்று முறை உண்டு. உடையாமல் துணி சுற்றிப் பெட்டியில் வைப்பதும் ஒரு கலை. மூன்று தலைமுறைச் சேகரிப்பு! ஆனால் அந்தப் பாட்டியை யாரும் "சேகரிப்பாளர்" என்று அழைப்பதில்லை.

உங்கள் பெண் கூழாங்கல்லும் பழைய நாணயமும் பொறுக்கி வருகிறாளா? "இது உனக்கு எதற்கு?" என்று கேட்காதீர்கள். பையன் பொம்மையைத் துடைத்து அடுக்குகிறானா? சிரிக்காதீர்கள்.

ஆளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். எங்கே கிடைத்தது, எப்போது கிடைத்தது என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

சாரா சோபியா செய்தது அதைத்தான்!