சோம்பேறி ஊரின் சுறுசுறுப்பு கார்!

இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கம் பிராட்ஃபோர்டு என்று ஒரு ஊர். கம்பளி மில்களுக்குப் பேர் போனது. அதை ஒட்டினாற்போல் ஒரு கிராமம். பெயர், ஐடில்! ஆமாம் ஸார், ‘வேலைவெட்டி இல்லாமல் சும்மா இருப்பது’ என்று அர்த்தம் வருமே, அதே ஸ்பெல்லிங்தான். அந்த ஊர்த் தொழிலாளர்கள் ஒரு கிளப் ஆரம்பித்து, ‘ஐடில் உழைப்பாளர் கிளப்’ என்று போர்டு மாட்டினார்கள். சும்மா இருக்கும் உழைப்பாளர்கள்! (நமக்குத் தெரிந்த சில ஆபீஸ்களின் வாசலில் அந்தப் போர்டை மாட்டினால் பொருத்தமாகவே இருக்கும்.)

இந்த ‘சும்மா’ ஊரில்தான், மணிக்கு 80 மைல் பறந்த ஒரு கார் பிறந்தது. பெயர் ஜோவெட் ஜாவலின். ஜாவலின் என்றால் ஈட்டி. பெயருக்கேற்ற ஓட்டம்.

இது ஒரு ஸ்போர்ட்ஸ் ஸலூன். ஸலூன் என்றதும் தலையைத் தடவிப் பார்க்காதீர்கள். நாலு கதவு, கெட்டியான கூரை, பின் சீட்டில் மாமியார், டிக்கியில் பெட்டி படுக்கை... இதெல்லாம் ஸலூன் கார். அதே வண்டியை ரேஸுக்கும் எடுத்துப் போய் ஜெயிக்க முடிந்தால் அது ஸ்போர்ட்ஸ் ஸலூன். குடும்பத்துக்குக் குடும்பம், குஷிக்குக் குஷி.

பெஞ்சமின், வில்லியம் என்ற ஜோவெட் சகோதரர்கள் தொடங்கிய கம்பெனி அது. பல வருஷங்களாக இரண்டே சிலிண்டர் வைத்த, எளிமையான, மேடு ஏறத் தயங்காத கார்களைச் செய்து கொண்டிருந்தார்கள். சிக்கனமான யார்க்‌ஷயர்காரர்களுக்கு அது போதும். இரண்டாம் உலகப் போர் நடந்து கொண்டிருந்தபோது கம்பெனிக்கு ஒரு யோசனை. சண்டை முடிந்ததும் ஜனங்கள் கார் கேட்பார்கள். அப்போது பழைய மாடலையே நீட்டினால் எப்படி?

1942ல் ஜெரால்டு பாமர் என்ற இன்ஜினீயரைக் கூட்டி வந்தார்கள். வயது முப்பத்தொன்று. அதற்கு முன்னால் கௌலி ஊரில் மாரிஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். (நம் அம்பாசடருக்கு மூலமான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு தயாரானதும் அதே கௌலியில்தான்.) ‘வெள்ளைப் பேப்பரில் ஆரம்பி’ என்று விட்டுவிட்டார்கள். ஒரு இன்ஜினீயருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மனுஷர் புகுந்து விளையாடிவிட்டார்!

இதுல என்ன விசேஷம்?

பானெட்டைத் திறந்தால் முதல் ஆச்சரியம். மற்ற கார்களில் சிலிண்டர்கள் நெட்டுக்குத்தலாக வரிசையில் நிற்கும். இதில் இரண்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம் என்று மல்லாந்து படுத்திருந்தன. 1,486 சி.சி., 50 குதிரைசக்தி. அலுமினிய பிளாக், இரட்டை கார்பரேட்டர். இன்ஜின் குள்ளமாகவும் நீளம் குறைவாகவும் இருந்ததால் அதை முன் சக்கரங்களுக்கும் முன்னால் தள்ளி வைத்துவிட்டார் பாமர். ரேடியேட்டரோ இன்ஜினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து கொண்டது!

இப்படிச் செய்ததில் லாபம் பயணிகளுக்கு. இன்ஜின் முன்னால் நகர்ந்ததால் சீட்டுகளையும் முன்னால் நகர்த்த முடிந்தது. அந்தக் காலக் கார்கள் பலவற்றில் பின் சீட்டுக்காரர் நேராகப் பின் ஆக்ஸிலுக்கு மேலே உட்காருவார். நம் டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து பள்ளத்தில் இறங்கினவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஜாவலினில் எல்லாருமே முன் பின் சக்கரங்களுக்கு நடுவில் உட்கார்ந்தார்கள். குலுக்கல் குறைந்தது.

அடுத்து ஸஸ்பென்ஷன். வழக்கமான ஸ்பிரிங் பட்டைகளுக்குப் பதில் ‘டார்ஷன் பார்’ என்ற எஃகுக் கம்பிகள். ஈரத் துணியைப் பிழியும்போது முறுக்கிக் கொள்கிறதல்லவா? அது மாதிரி, சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது கம்பி முறுக்கிக் கொள்ளும். பிறகு தானே பழைய நிலைக்கு வரும். இதை முன்னாலும் பின்னாலும் பொருத்தினார்.

உடம்பும் சும்மா இல்லை. அமெரிக்க லிங்கன் ஸெஃபிரின் சாயலில், முதுகுப் பக்கம் அழகாகச் சரிந்து இறங்கும் வடிவம். காற்றைக் கிழித்துக் கொண்டு போவதற்கு வசதி. 1948ல் வந்த சின்ன மாரிஸ் மைனர் 60 மைலைத் தாண்டவே மூச்சு வாங்கியது. ஜாவலின் ஆறு பேரை ஏற்றிக் கொள்ளும் வண்டி; எட்டிப் பிடித்தது 80 மைல் அளவு. நம் கணக்கில் மணிக்குச் சுமார் 130 கிலோமீட்டர். ‘உங்களைத் தாண்டிப் போகும்போது நன்றாகப் பார்த்துக் கொள்ளுங்கள்’ என்கிற ரீதியில் விளம்பரம் செய்தார்கள். கொழுப்புதான்! ஆனால் சரக்கு இருந்ததே.

பனியில் ஒரு பந்தயம்

1946ல் காட்டி, 1947ல் தயாரிப்பைத் தொடங்கினார்கள். 1949 ஜனவரியில் மான்டி கார்லோ ராலி. ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்து கிளம்பி, பனியிலும் மலையிலும் ராப்பகலாக ஓட்டிக் கடலோரம் வந்து சேர வேண்டும். 1,500 சி.சி. பிரிவில் முதல் பரிசு, ஜாவலினுக்கு! அதே வருஷம் பெல்ஜியத்தில் ஸ்பா ஊரில் 24 மணி நேரப் பந்தயம். அங்கேயும் தன் பிரிவில் ஜெயித்தது.

ருசி கண்ட கம்பெனி, அதே இன்ஜினை வைத்து ‘ஜூபிடர்’ என்று ஒரு ஸ்போர்ட்ஸ் காரும் செய்தது. பிரான்ஸில் லே மான் பந்தயத்தில் 1950, 51, 52 என்று மூன்று வருஷமும் 1,500 சி.சி. பிரிவை அதுதான் அள்ளியது. கம்பளிக்கார ஊரின் குட்டிக் கம்பெனியைக் கார் உலகமே திரும்பிப் பார்த்தது.

பிறகு ஏன் இன்று ஜோவெட் கார் ஷோரூம் எங்கேயும் இல்லை? இங்கேதான் எங்கள் காமர்ஸ் கோஷ்டி உள்ளே வருகிறது.

கியர் எங்கே மாறியது?

ஜாவலினின் கியர்பாக்ஸை ஹென்றி மெடோஸ் என்ற கம்பெனி வெளியிலிருந்து சப்ளை செய்து வந்தது. நல்ல சரக்கு. ஆனால் காசு வெளியே போகிறதே! ‘நாமே செய்தால் மிச்சமாகுமே’ என்று கணக்குப் போட்டார்கள். பி.காம். படித்தவர்களுக்கு இந்த சாப்டர் ஞாபகம் இருக்கும்: ‘செய்வதா, வாங்குவதா?’ பேப்பரில் ஐந்து நிமிஷத்தில் விடை வந்துவிடும். இத்தனை ஷில்லிங் லாபம், அடியில் இரட்டைக் கோடு, முடிந்தது.

பேப்பரில் வராத ஒரு ஐட்டம் இருந்தது. அனுபவம்! கியர் பல் வெட்டுவது இட்லிக்கு மாவு அரைப்பது மாதிரி இல்லை. நூலிழை பிசகினாலும் போச்சு. ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஐடில் ஃபாக்டரியின் சொந்த கியர்பாக்ஸ்கள் வண்டியில் ஏறின. தகராறும் கூடவே ஏறியது. ரிப்பேருக்கு வண்டிகள் திரும்பி வந்தன. ஏற்கெனவே சில இன்ஜின்களில் கிராங்க் ஷாஃப்ட் உடைகிறது என்ற புகார் வேறு. மிச்சம் பிடித்த ஷில்லிங்குகள் வாரண்ட்டி செலவில் கரைந்தன. கூடவே நல்ல பெயரும்.

அதோடு விட்டதா? காரின் பாடியை டான்காஸ்டரிலிருந்து பிரிக்ஸ் என்ற கம்பெனி செய்து அனுப்பிக் கொண்டிருந்தது. அக்ரிமென்ட்படி பாடிகள் வந்து இறங்கிக் கொண்டே இருக்கின்றன. உள்ளே பொருத்த உருப்படியான கியர்பாக்ஸ் இல்லை. யார்டு பூராவும் கூடு கூடாக நிற்கிறது! போதாக்குறைக்கு 1952ல் மார்க்கெட்டும் மந்தம். ‘கொஞ்ச நாளைக்கு பாடி அனுப்பாதீர்கள்’ என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்த ‘கொஞ்ச நாள்’ முடியவே இல்லை. 1953ல் பிரிக்ஸை ஃபோர்டு கம்பெனி வாங்கிக் கொண்டது. ‘ஃபோர்டுதான் ஜோவெட்டை முழுங்கிவிட்டது’ என்று பின்னாளில் பேச்சு கிளம்பியது. நடந்த வரிசையைப் பாருங்கள்: ஃபோர்டு உள்ளே நுழையும் முன்பே பாடிகள் வருவது நின்றுவிட்டது.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதற்குள் வியாதிக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள்! கியர்பாக்ஸ் சீரானது. கிராங்க் ஷாஃப்ட்டைப் புது வடிவத்தில் பலப்படுத்தினார்கள். 1953ல் ஹாலந்து நாட்டு ட்யூலிப் ராலியில், ஒருவர் சொந்தமாகக் கொண்டு போன ஜாவலின், பிரிவு கிரிவு எதுவும் இல்லாமல் ஒட்டுமொத்தப் போட்டியிலும் முதலாவதாக வந்தது. மருந்து வேலை செய்தது... பேஷண்ட்டுக்குத்தான் நேரம் போதவில்லை. சுமார் 23,000 ஜாவலின்களோடு கதை முடிந்தது. 1954ல் ஐடில் ஃபாக்டரி, இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் என்ற டிராக்டர் கம்பெனியின் கைக்குப் போனது.

பாமர்? அவர் 1949லேயே விலகிப் போய்விட்டார். 1953ல் எம்.ஜி. மாக்னெட் என்று இன்னொரு அருமையான ஸ்போர்ட்ஸ் ஸலூன் அவர் கைவண்ணத்தில் வந்தது. 1999ல் காலமானார்.

கார் செய்வதை நிறுத்திய பிறகும் பல வருஷம் ஜோவெட் கம்பெனி பழைய வாடிக்கையாளர்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் அனுப்பிக் கொண்டிருந்தது. கடை மூடினாலும் கைவிடாத யார்க்‌ஷயர் குணம்! இன்று அந்த வேலையை ரசிகர்களே பார்த்துக் கொள்கிறார்கள். பிராட்ஃபோர்டு தொழில் மியூசியத்தில் ஜோவெட் கார்களைப் பார்க்கலாம். எப்போதாவது ஒரு ஜாவலின் ரோட்டில் போனால் பெரியவர்கள் நின்று பார்க்கிறார்கள். தாண்டிப் போகும்போது நன்றாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறதே!

ஃபாக்டரி இருந்த இடத்தில் இப்போது ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட். காய்கறி, ரொட்டி, சோப்பு எல்லாம் கிடைக்கும். அத்தனையும் வெளியிலிருந்து வாங்கி விற்கிற சரக்கு. ‘செய்வதா, வாங்குவதா’ என்ற கேள்விக்கு ஐடில் ஊரில் கடைசியாகச் சரியான விடை எழுதியவர்கள் அவர்கள்தான் போலிருக்கிறது!