கடலின் வெம்மையும் சுறாவின் தாய்மையும்

மகப்பேறுற்ற தாய்மார்க்குப் பால்சுறா வறை கொடுத்தல் நம் நாட்டு மரபு. கிழக்கே முல்லைத்தீவுக் கரையிலும், மேற்கே நாச்சிக்குடா, இரணைதீவுப் பகுதிகளிலும் வளர்ந்த பழைய மாணவர் இதனை நன்கறிவர். ஆயின், பிறர் தாய்மைக்கு ஊட்டமாகும் அச்சுறா, தான் தாயாவதற்கு எவற்றை வேண்டி நிற்கின்றது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. அவற்றுள் ஒன்றாகிய நீரின் வெப்பத்தைப் பற்றியே ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

சுறாக்களுட் பெரும்பாலானவை தம்முடல் வெப்பத்தைத் தாமே நிலைநிறுத்த வல்லனவல்ல. நீர் குளிரின் உடலுங் குளிரும். நீர் வெம்மையுறின் உடலும் வெம்மையுறும். நீரின் வெப்பத்தாலும் பகற்பொழுதின் நீட்சியாலும் பருவமாற்றத்தை மூளை உணர்கின்றது. அதன் ஏவலாற் கபச்சுரப்பி சூலகத்தைத் தூண்டும். சூலகம் ஈஸ்திரடையோல் என்னும் ஓமோனைக் குருதியிற் கலக்கும். அது ஈரலை அடைந்து, மஞ்சட்கருவுக்கு வேண்டிய புரதத்தை ஆக்குவிக்கும். முட்டை வெளிப்படுங் காலத்திற் புரொஜெஸ்தரோன் மிகும். அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் வாழும் கொம்பன்சுறாவின் சிற்றினமொன்றின் குருதியை ஆராய்ந்தோர் இவ்வேற்றத்தாழ்வுகளைக் கண்டனர். அச்சுறா இலையுதிர்காலத்திற் கூடி, விந்தைத் தன்னுட் சேமித்து வைத்து, நீர் வெம்மையுறும் இளவேனிலிலேயே கருக்கொள்கின்றது. கலிபோர்னியாவிலோ, சினைகொண்ட சிறுத்தைச்சுறாக்கள் வெதுவெதுப்பான ஆழமற்ற கரைநீரை நாடிக் கூட்டமாக வருகின்றன. வெம்மை கருவின் வளர்ச்சியை விரைவுபடுத்துதலே இதற்குக் காரணமெனக் கருதுவர்.

வெம்மை நன்றெனின் மிகுவெம்மை பின்னும் நன்றாமோ எனின், அன்று. 2021 இல் வெளிவந்த ஆய்வொன்றில், அவுஸ்திரேலியப் பவளப்பாறைகளில் முட்டையிட்டு வாழும் சுறாவொன்றின் கருக்களை 27, 29, 31 பாகை செல்சியஸ் நீரில் வளர்த்தனர். இயல்பான நீரில் ஏறத்தாழ 125 நாளிற் பொரிப்பவை, 31 பாகையில் 100 நாளிற் பொரித்தன. ஆயின் அக்குஞ்சுகள் சிறியனவாயும் சோர்வுற்றனவாயும் இருந்தன. விரைந்து வந்தது பிறப்பு, வலிமை வரவில்லை.

நம் பாக்குநீரிணை சித்திரை, வைகாசியில் 30 பாகையைக் கடப்பது புதிதன்று. அதற்கு மேலும் கடல் வெம்மையுறுமாயின், எல்லை அணித்தே உளது. சுறா ஆயிரக்கணக்கில் முட்டை சொரியும் மீனன்று; சில குட்டிகளை ஈனுதற்குப் பல திங்கள் சுமப்பது. சாட்டை போன்ற நீண்ட வாலுடைய சுறாக்களைப் பிடித்தலை இலங்கை 2012 இற் தடைசெய்தது. ஏனையவற்றைக் காத்தல் பெரிதும் நம் கரையோர மக்களின் அறிவையே சார்ந்தது.

மாணவர்க்கு ஒன்று கூறி அமைகின்றோம். வெப்பமானியொன்றும் குறிப்பேடொன்றும் இதற்குப் போதியன. கரைநீரின் வெப்பத்தையும், சினைச்சுறா வலையில் அகப்பட்ட நாளையும் ஆண்டுதோறும் எழுதி வருவீராயின், எந்தத் திங்களில் வலையை விலக்கல் வேண்டுமென்பதை நம் கடலே நமக்கு உணர்த்தும்.