புயலுக்கு முன்னால் கிளம்பும் குதிரைகள்

ஃபுளோரிடாவுக்குக் கடற்கரை நிறைய. குதிரையை மணலில் இறக்க அனுமதிக்கும் இடங்கள்தான் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் ஒன்று, மாநிலத்தின் வடமேற்கே உள்ள கேப் சான் பிளாஸ். ஒரு பக்கம் மெக்சிகோ வளைகுடா, மறுபக்கம் செயின்ட் ஜோசப் விரிகுடா, நடுவே ஒல்லியாக நீளும் மணல் திட்டு. விடுமுறைக்கு வரும் குடும்பங்கள் இங்கே அலையோரமாகக் குதிரைச் சவாரி போவதுண்டு. கோடையில்தான் கூட்டம், கோடையில்தான் வருமானம். அட்லாண்டிக் புயல் காலமும் ஜூன் 1-இல் தொடங்கி நவம்பர் 30 வரை நீள்கிறது. சம்பாதிக்கிற மாதங்களிலேயே வானிலை அறிக்கையை வயிற்றில் நெருப்போடு பார்க்க வேண்டிய தொழில் இது.

2018 அக்டோபர் 7, ஞாயிற்றுக்கிழமை. கரீபியக் கடலின் மேற்கே சுழன்றுகொண்டிருந்த காற்றழுத்தத் தாழ்வு வலுப்பெற்று ‘மைக்கேல்’ என்று பெயர் பெற்றது. புதன்கிழமை நண்பகல் வாக்கில், மணிக்குச் சுமார் 257 கிலோமீட்டர் வேகக் காற்றோடு, மெக்சிகோ பீச் என்ற சிற்றூர் அருகே கரையைக் கடந்தது. ஐந்தாம் வகைப் புயல். அளவுகோலில் அதற்கு மேல் வகை இல்லை. கேப் சான் பிளாஸ் பக்கத்து மாநிலப் பூங்காவைக் கடல் இரண்டாக அறுத்துப் போட்டது. பெயர் வைத்த நாளுக்கும் கரை கடந்த நாளுக்கும் இடையே மூன்றே நாள்.

மூன்று நாளில் ஒரு குடும்பம் காரில் ஏறிப் போய்விடலாம். இருபது குதிரைகளின் கதை வேறு. நான்கு குதிரை ஏற்றும் டிரெய்லர் ஒன்றுதான் இருக்கிறது என்றால் ஐந்து நடை அடிக்க வேண்டும். போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம் என்றாலும் ஒரே ஓட்டுநருக்கு நாற்பது மணி நேரம். கடற்கரை காலியாகும் நேரத்தில் நெடுஞ்சாலைகள் எப்படி இருக்கும் என்பது அந்தக் கணக்கில் சேரவில்லை. காற்று மணிக்கு 65 கிலோமீட்டரைத் தொட்டுவிட்டால் உயரமான டிரெய்லரைச் சாலையில் ஓட்டக் கூடாது என்பது குதிரைக்காரர்களிடையே பொதுவான விதி. ஆகவே புயல் கரை தொடும் நேரத்தை வைத்துத் திட்டமிடுவதில் பயனில்லை. அதற்குப் பல மணி நேரம் முன்பே வந்துவிடும் வெளிவட்டக் காற்றுதான் உண்மையான கெடு. கால்நடை மருத்துவர்கள் 48 முதல் 72 மணி நேரம் முன்பே கிளம்பச் சொல்வது இதனால்தான்.

72 மணி நேரம் முன்பு வானம் பளிச்சென்று இருக்கும். கடல் அமைதியாக இருக்கும். அன்றைய சவாரிக்கு முன்பணம் கட்டியவர்கள் வாசலில் நிற்பார்கள். புயலின் பாதை வேறு இன்னும் உறுதியாகியிருக்காது. அந்த நேரத்தில் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு லாயத்தைக் காலி செய்வதுதான் இந்தத் தொழிலின் கடினமான முடிவு. புயல் திசை மாறிப் போய்விட்டால் டீசல், தங்கும் கட்டணம், இழந்த வருமானம் எல்லாம் கைநஷ்டம். ஆனாலும் அதை வீண்செலவு என்று எழுதக் கூடாது. தீவனத்தையும் லாடத்தையும் போலக் கடலோரத்தில் குதிரை வளர்ப்பதற்கு ஆகும் செலவில் அதுவும் ஒன்று. அப்படிக் கணக்கில் எடுத்து வைக்காதவர்கள்தான் கடைசி நேரம் வரை பொறுத்துப் பார்க்கிறார்கள்.

போவது எங்கே? ஃபுளோரிடாவின் உள்பகுதியில் உள்ள ஒக்காலா குதிரைப் பண்ணைகளுக்குப் பேர்போன ஊர். அங்குள்ள குதிரை அரங்குகள் புயல் நேரத்தில் இடம் கொடுக்கின்றன. ஜார்ஜியாவின் பெரி நகரக் கண்காட்சித் திடலும் பலமுறை கதவு திறந்திருக்கிறது. கூடவே காகிதமும் போக வேண்டும். குதிரைகளுக்கு வரும் தொற்று ரத்தசோகை இல்லை என்று காட்டும் காகின்ஸ் பரிசோதனைச் சான்று இல்லாமல் மாநில எல்லை தாண்டுவது சாதாரண நாளில் முடியாது. அவசர காலத்தில் சில மாநிலங்கள் தளர்த்துவதுண்டு. அதை நம்பிக் கிளம்புவது புத்திசாலித்தனமல்ல. பயணத்திலும் ஒரு சங்கதி இருக்கிறது. தலையை உயர்த்திக் கட்டியபடியே நெடுநேரம் போனால் குதிரையால் மூச்சுக்குழாயில் சேரும் சளியையும் தூசியையும் வெளியேற்ற முடியாது. நுரையீரல் அழற்சி வந்துவிடும். வழியில் நிறுத்தித் தலையைத் தாழ்த்த விட வேண்டும், தண்ணீர் காட்ட வேண்டும்.

எல்லோராலும் கிளம்ப முடிவதில்லை. அப்போது எழும் கேள்வி: லாயத்துக்குள் அடைப்பதா, வெளியே விடுவதா? உள்ளே அடைப்பதுதான் பத்திரம் என்று மனசு சொல்லும். 1992 ஆகஸ்டில் மயாமியின் தெற்கே ‘ஆண்ட்ரூ’ புயல் அடித்து ஓய்ந்தபின் கிடைத்த பாடம் வேறு. விலங்குகளைக் கொன்றவற்றில் முக்கியமானது இடிந்து விழுந்த லாயங்கள். அறுந்து கிடந்த மின்கம்பி, தண்ணீர் இல்லாமல் செயலிழந்த சிறுநீரகம், வேலி தாண்டிச் சாலைக்கு ஓடி வாகனத்தில் அடிபட்டது, முள்கம்பியில் சிக்கியது ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. அதனால் மின்கம்பியும் முள்கம்பியும் இல்லாத, மேடான, ஒரு ஏக்கருக்குக் குறையாத மேய்ச்சல் நிலம் இருந்தால் குதிரைகளை அங்கே விட்டு, லாயக் கதவை வெளியிலிருந்து சாத்திவிடச் சொல்கிறார்கள். பயந்த குதிரை பழகிய இடத்துக்குள் ஓடப் பார்க்கும். கதவு திறந்திருக்கக் கூடாது.

வட கரோலினாவின் கொரோலா கடற்கரையில் தலைமுறை தலைமுறையாகத் திரியும் காட்டுக் குதிரைகள் இதைத் தாமாகவே செய்கின்றன. புயல் நெருங்கும்போது மேட்டு நிலத்தில் உள்ள ஓக் மரங்களின் அடியில் கூடி, காற்றுக்குப் பின்புறம் காட்டி, தலையைத் தாழ்த்தி நின்றுவிடும்.

வெளியே விடும் குதிரையின் உடம்பிலேயே முகவரி இருக்க வேண்டும். விலாவில் கால்நடைக்குப் போடும் சாயத்தால் உரிமையாளரின் தொலைபேசி எண்ணைப் பெரிதாக எழுதுகிறார்கள். பெட்டிகளில் தொங்கவிடும் பெயர் அட்டையை நீர் புகாதபடி சுற்றி, பிடரி மயிரோடு சேர்த்துப் பின்னிவிடுகிறார்கள். முகத்தில் பட்டை போடுவதென்றால் தோல் பட்டைதான். மரக்கிளையில் மாட்டிக்கொண்டால் தோல் அறும், குதிரை பிழைக்கும், நைலான் அறாது.

ஆனால் காற்றுக்கு வைத்திருக்கும் உபாயம் வெள்ளத்துக்குப் பலிக்காது. 2019 செப்டம்பர் 6-ஆம் தேதி ‘டோரியன்’ வட கரோலினாவின் ஹட்டராஸ் முனையைக் கடந்தது. அங்கே கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே பாம்லிகோ என்ற அகன்ற, ஆழம் குறைந்த உப்பங்கழி இருக்கிறது. புயல் நெருங்கும்போது காற்று அந்தத் தண்ணீரை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய்க் குவித்தது. புயலின் கண் கடந்ததும் காற்று திசை மாற, குவிந்த தண்ணீர் முழுவதும் ஒரே மூச்சில் திரும்பி ஓடியது. சீடர் தீவில் மேய்ந்துகொண்டிருந்த 28 காட்டுக் குதிரைகள் அதில் போயின. கூடவே மாட்டு மந்தை ஒன்றும் அடித்துச் செல்லப்பட்டது. அவற்றில் மூன்று மாடுகள் மட்டும் பல கிலோமீட்டர் தள்ளி, கேப் லுக்கவுட் தேசியக் கடற்கரையின் திட்டுகளில் உயிரோடு கண்டுபிடிக்கப்பட்டன. அமெரிக்கப் பத்திரிகைகள் அவற்றைக் கொண்டாடின. குதிரைகள் திரும்பவில்லை. முதுகைக் காட்டி நிற்கத் தெரிந்த பிராணிதான், ஆனாலும் சுவர்போல் வந்த தண்ணீரின் முன்னே அந்த அறிவு உதவவில்லை. தாழ்வான தீவில் லாயம் வைத்திருப்பவர் காற்றின் வேகத்தைவிடக் கடல் மட்ட எச்சரிக்கையைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

புயல் போன மறுநாளிலிருந்து அடுத்த ஆபத்துகள் தொடங்குகின்றன. முதலாவது தண்ணீர். ஊர்ப்புற லாயங்களுக்கு ஆழ்கிணற்று மோட்டார்தான் ஆதாரம். மின்சாரம் போனால் அது நின்றுவிடும். ஒரு குதிரைக்கு நாளுக்கு ஐம்பது லிட்டர் என்று வைத்தால் இருபது குதிரைக்கு ஒரு வாரத்துக்கு 7,000 லிட்டர் முன்கூட்டியே சேர்த்திருக்க வேண்டும். தொட்டியில் கடல்நீர் புகுந்திருந்தால் கொட்டிக் கழுவியாக வேண்டும். தண்ணீர் குறைந்தால் குதிரைக்குக் குடல் இறுகி வயிற்றுவலி வரும். குதிரைக்கு வயிற்றுவலி உயிரைப் பறிக்கும் நோய்.

இரண்டாவது ஆணி. பெயர்ந்த கூரைகளிலிருந்து பறந்த ஆணிகள் புல்லுக்குள் மறைந்து கிடக்கும். காந்தம் பொருத்திய உருளையைத் தள்ளிக்கொண்டு மேய்ச்சல் நிலத்தைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து முடிக்கும்வரை ஒரு குதிரையையும் உள்ளே விடக் கூடாது. குளம்பின் நடுவே ஆணி ஏறினால் வெளியே தெரிவது சின்னத் துளைதான். டெட்டனஸ் கிருமிக்குக் குதிரையைப்போல் எளிதில் இரையாகும் வீட்டு விலங்கு வேறு இல்லை என்பதால் தடுப்பூசி போட்ட தேதியை உடனே பார்க்கிறார்கள்.

விழுந்த மரமும் விஷமாகலாம். சிவப்பு மேப்பிள் மரத்தின் வாடிய இலைகளைத் தின்றால் குதிரையின் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து போகும். பச்சையாக இருக்கும்போது பெரிய கெடுதல் செய்யாத இலை, புயலில் கிளை முறிந்து சில நாள் வாடியபின் குதிரையைக் கொல்லும் வீரியம் பெறுகிறது. வெட்டியெறிந்த கிளைகளை வேலியோரம் குவித்து வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். அதன்பின் தேங்கிய தண்ணீரில் கொசு பெருகும். கொசு வழியாகக் கிழக்குக் குதிரை மூளைக்காய்ச்சல் வரும். அது தொற்றிய குதிரைகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை.

இத்தனையும் தாண்டினால் சவாரியை மறுபடி தொடங்கலாம். ஆனால் பழைய கடற்கரை அங்கே இருக்காது. அலை மணலை அரித்துச் செங்குத்தான விளிம்பை விட்டுப் போயிருக்கும். மணலுக்கடியில் மரத்தூணும் கம்பியும் புதைந்திருக்கும். அதனால் முதலில் ஊழியர்கள் நடந்து பார்க்கிறார்கள். பிறகு குதிரையைக் கையில் பிடித்து நடத்துகிறார்கள். அதன் பிறகு தாங்களே ஏறிப் பார்க்கிறார்கள். வாடிக்கையாளரின் குழந்தையை ஏற்றுவது கடைசியில்தான். அதுவரை வருமானம் இல்லை, செலவு மட்டும் நிற்பதில்லை. ஒரு குதிரை நாளுக்கு எட்டுப் பத்துக் கிலோ காய்ந்த புல் தின்னும். இருபது குதிரைக்கு இருநூறு கிலோ வரை.

இங்கேதான் அரசின் ஏற்பாடுகள் கைவிடுகின்றன. தேசிய வெள்ளக் காப்பீட்டில் கட்டடத்துக்கு ஈடு கிடைக்கும். வேலிக்கும் விலங்குக்கும் கிடையாது. சிறு தொழில் நிர்வாகத்தின் பேரிடர்க் கடன் கிடைக்கலாம். அதுவும் திருப்பிக் கட்ட வேண்டிய கடன்தான். கத்ரீனா புயலுக்குப் பின் 2006-இல் வந்த சட்டம், அவசரகாலத் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்கச் சொன்னது. நாயும் பூனையும் அதில் அடங்கின. குதிரை பண்ணை விலங்கு என்று விடுபட்டது. மனிதரோடு வாழ்ந்து மனிதருக்குச் சம்பாதித்துக் கொடுக்கும் பிராணியை இப்படி ஒதுக்கியது நியாயமே இல்லை.

இடைவெளியை அடைக்க முன்வந்தவை மாநில அமைப்புகள். 1999-இல் ‘ஃபிளாய்ட்’ புயல் வெள்ளத்தில் வட கரோலினாவில் லட்சக்கணக்கான பண்ணை விலங்குகளும் பறவைகளும் மடிந்தன. அதன்பிறகு அங்கே மாநில விலங்கு மீட்புக் குழு உருவானது. கால்நடை மருத்துவர்கள், பண்ணைக்காரர்கள், தன்னார்வலர்கள், அரசு அலுவலர்கள் எல்லோரும் ஒரே கட்டமைப்பில் வேலை செய்யப் பயிற்சி பெற்றார்கள். பிற மாநிலங்களும் அதே மாதிரியைப் பின்பற்றின. கடலோர லாயக்காரர்கள் இப்போது ஜூன் பிறக்கும் முன்பே உள்ளூர் நிர்வாகத்தை அழைத்து, எந்தத் திடல் திறக்கும், எத்தனை குதிரைக்கு இடம், யாரிடம் உபரி டிரெய்லர் இருக்கிறது என்று கேட்டு எழுதி வைக்கிறார்கள்.