அறுவைச் சிகிச்சைக்குப் போகிறீர்களா?

"என்னங்க, ஒரு வாய் காபிதானே? குடிச்சிட்டு வாயைத் தொடச்சுக்குங்க. டாக்டருக்கு எங்கே தெரியப் போகுது?"

காலை ஆறு மணி. ஒரு வட்டத் தலைநகரின் அரசு மருத்துவமனை. ஆண்கள் அறுவைப் பிரிவில் ஐம்பது வயதுள்ள விவசாயி ஒருவர் கட்டிலில் படுத்திருக்கிறார். இன்று அவருக்குக் குடலிறக்க அறுவை. இரவெல்லாம் பட்டினி. மனம் பொறுக்காத மனைவி, எதிர்க் கடையிலிருந்து தூக்குவாளியில் காபி வாங்கி வந்து நிற்கிறார்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இதைப் போன்ற ஒன்றை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த அம்மாளிடம் இருப்பது பரிவு. அதில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் அந்த ஒரு டம்ளர் காபி தம் கணவரின் உயிருக்கே உலை வைக்கக்கூடும் என்பது அவருக்குத் தெரியாது. "ஒன்றும் சாப்பிடக் கூடாது" என்றுதான் அவரிடம் சொன்னார்கள். ஏன் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

மருத்துவமனையில் விதிக்கப்படும் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும், கேட்கப்படும் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு காரணம் உண்டு. காரணம் தெரிந்தால் பயம் குறையும், மறைக்கவும் தோன்றாது. அந்த விவசாயியுடனேயே நாமும் போய்ப் பார்ப்போமா?

குடல் ஏன் இறங்குகிறது?

மிதிவண்டிச் சக்கரத்தின் வெளி டயரில் ஓரிடம் நைந்துவிட்டால் உள்ளே இருக்கும் ட்யூப் அவ்வழியே பிதுங்கும் அல்லவா? குடலிறக்கமும் அப்படித்தான். வயிற்றுச் சுவரின் தசை ஓரிடத்தில் நலிந்தால், குடலின் ஒரு பகுதி அங்கே வெளியே தள்ளுகிறது. பளு தூக்கும்போதும் இருமும்போதும் தொடை இடுக்கில் வீக்கம் தெரியும். படுத்தால் உள்ளே போய்விடும். என்றாவது உள்ளே போகாமல் சிக்கிக்கொண்டால் குடலுக்கு இரத்த ஓட்டம் தடைப்பட்டு உயிருக்கு ஆபத்தாகிவிடும். அந்த நிலைக்கு முன்பே சரிசெய்வது நல்லது. நலிந்த இடத்தில் மெல்லிய செயற்கை இழை வலை ஒன்றை வைத்துத் தைப்பது இன்று பரவலான முறை.

எதை மறைக்கக் கூடாது?

அறுவைக்குச் சில நாட்களுக்கு முன்பே இரத்தம், சிறுநீர், இதயத்துடிப்புப் பதிவு முதலிய சோதனைகள் நடக்கும். பிறகு மயக்க மருத்துவர் உங்களைப் பார்ப்பார். அறுவை மருத்துவரைப் போலவே இவரும் உங்களுக்கு முக்கியமானவர். அறுவை நடக்கும்போது உங்கள் மூச்சையும் நாடியையும் காவல் காப்பவர் இவரே.

இவர் நிறையக் கேட்பார். சர்க்கரை நோய் உண்டா? ஆஸ்துமா உண்டா? எந்த மருந்தாவது ஒவ்வாமல் போயிற்றா? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளைப் பற்றி அவசியம் சொல்லுங்கள். ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை மருத்துவர் சொல்வார். நாட்டு மருந்து, சித்த மருந்து சாப்பிட்டாலும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்து வருவது, பலரும் பொய் சொல்லும் கேள்வி: "குடிப்பழக்கம் உண்டா?" பக்கத்தில் மகளும் மருமகனும் நிற்கும்போது யார்தான் ஒப்புக்கொள்வார்? ஆனால் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாட்களில் கை நடுங்கும், வியர்க்கும், சிலருக்குச் சித்தம் குழம்பி வலிப்புகூட வரும். அறுவைக்கு மறுநாள் இது நேர்ந்தால் என்ன ஆகும்? முன்பே தெரிந்தால் மருந்து கொடுத்துத் தடுக்க முடியும். உறவினர் எதிரில் சொல்லக் கூச்சமாக இருந்தால், "ஐயா, தனியே பேச வேண்டும்" என்று கேளுங்கள். பீடி, சிகரெட் பழக்கத்தையும் சொல்லுங்கள். அறுவைக்குச் சில வாரங்கள் முன்பே நிறுத்தினால் நுரையீரலும் தேறும், புண்ணும் விரைவில் ஆறும்.

கையெழுத்து யாருடையது?

ஒப்புதல் படிவத்தை நீட்டினால், "பையன் போடுவான்" என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். அது சரியல்ல. உங்கள் உடம்பு; ஒப்புதலும் உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும். 2008ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. வயதுவந்த பெண் ஒருவர் மயக்கத்தில் இருந்தபோது, அவருடைய தாயாரிடம் ஒப்புதல் வாங்கி, அவர் சம்மதிக்காத வேறோர் அறுவை செய்யப்பட்டது. உயிராபத்து இல்லாத நிலையில் அது செல்லாது என்று தீர்ப்பாயிற்று.

எனவே கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். என்ன செய்யப் போகிறீர்கள்? எந்தப் பக்கம்? என்ன தொல்லைகள் வரக்கூடும்? செய்யாவிட்டால் என்ன ஆகும்? எழுதப் படிக்கத் தெரியாதவர் படிவத்தைப் படித்துக் காட்டச் சொல்லலாம். இவ்வாறு கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

வெறும் வயிறு ஏன்?

இனி அந்தக் காபிக்கு வருவோம். சோறு தவறிக் குரல்வளைக்குள் போனால் நமக்குப் புரையேறுகிறது. இருமி வெளியே தள்ளிவிடுகிறோம். மயக்க மருந்து இந்தக் காவலை உறங்க வைத்துவிடும். அப்போது வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நேரே நுரையீரலுக்குள் இறங்கும். இரைப்பையில் சுரக்கும் அமிலம் நுரையீரலைப் புண்ணாக்கிவிடும்.

1946ஆம் ஆண்டில் நியூயார்க்கைச் சேர்ந்த கர்டிஸ் மெண்டல்சன் என்ற மருத்துவர் இதை ஆராய்ந்து எழுதினார். 44,016 பிரசவங்களின் பதிவுகளை அவர் பார்த்தார். மயக்கத்தின்போது 66 பேருக்கு வயிற்றில் இருந்தது நுரையீரலுக்குள் போயிருந்தது. கெட்டியான உணவு மூச்சுக்குழலை அடைத்து அவர்களில் இருவர் இறந்தனர். வெறும் வயிறு என்னும் விதி உறுதிப்பட இந்த ஆராய்ச்சி பெரிதும் உதவியது.

பொதுவாக, திட உணவுக்குப் பின் 6 மணி நேரமும், வெறும் தண்ணீருக்குப் பின் 2 மணி நேரமும் இடைவெளி வேண்டும். பால் வயிற்றுக்குள் போனதும் திரிந்து கட்டியாகிறது. ஆகவே பால் கலந்த காபியை உணவாகவே கருதுகிறார்கள். உங்கள் மருத்துவமனை இதைவிட நீண்ட நேரம் சொன்னால் அதன்படியே நடங்கள்.

"எனக்கு முதுகில்தானே ஊசி போடப்போகிறார்கள்? நான் விழித்துத்தானே இருப்பேன்?" என்று நீங்கள் கேட்கலாம். அந்த ஊசி சில வேளைகளில் போதாமல் போகும். அப்போது முழு மயக்கம் கொடுக்க நேரிடும். அதற்காகத்தான் எல்லோருக்கும் ஒரே விதி.

அறுவை அரங்கில்

நகை, கடிகாரம், பொய்ப் பல் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். இரத்தக் கசிவை நிறுத்த அங்கே மின்சாரக் கருவியைப் பயன்படுத்துவதால், உடம்பில் உலோகம் இருந்தால் சுட்டுவிடக்கூடும். தாலியைக் கழற்ற மனம் வராத பெண்கள், பொன்னை எடுத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு வருவது உண்டு. நகச்சாயத்தையும் அழித்துவிடுங்கள். விரலில் மாட்டும் ஒரு சிறு கருவி, நகத்தின் வழியே ஒளியைச் செலுத்தி இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று காட்டும். 1970-களில் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி கண்ட வழி இது. சாயம் அந்த ஒளியை மறைக்கும்.

உங்கள் பெயர் என்ன, என்ன அறுவை, எந்தப் பக்கம் என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்பார்கள். "இத்தனை பேர் கேட்கிறார்களே, இவர்களுக்கு ஒன்றுமே தெரியாதோ?" என்று எண்ண வேண்டாம். ஆள் மாறாமலும் பக்கம் மாறாமலும் இருக்கத்தான் இந்தக் கேள்விகள். 2008ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் இதற்கென 19 அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. புதுதில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். அறுவைக்குப் பிந்திய இறப்பு நூற்றுக்கு 1.5-லிருந்து 0.8 ஆகக் குறைந்தது என்று 2009இல் முடிவு வெளியாயிற்று. ஒரு தாள் செய்த வேலையைப் பாருங்கள்!

முதுகில் ஊசி

"முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகுவலி" என்ற பேச்சு ஊரெங்கும் உண்டு. உண்மை என்ன? தண்டுவடம் இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்கும் கீழே போடப்படுவதால் தண்டுவடத்தைத் தொடுவதில்லை. ஊசி போட்ட இடத்தில் சில நாட்கள் வலி இருக்கலாம். சிலருக்கு எழுந்து உட்கார்ந்தால் தலைவலி வரும். அதற்குச் சிகிச்சை உண்டு. நிரந்தர முதுகுவலிக்கு இந்த ஊசி காரணமென்று ஆராய்ச்சிகள் காட்டவில்லை.

1898இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பீர் என்ற மருத்துவர் இம்முறையைத் தொடங்கினார். தம் உடம்பிலேயே சோதித்துப் பார்க்க முயன்று, பல நாட்கள் தலைவலியோடு கிடந்தார்! இன்றைய ஊசிகள் மிக மெல்லியவை; தலைவலியும் அரிதாகிவிட்டது.

ஊசி போட்ட சில நிமிடங்களில் கால்கள் சூடாகி, கனத்து, மரத்துப் போகும். அறுவையின்போது தொடுவதும் இழுப்பதும் தெரியலாம், வலி தெரியாது. வலித்தாலோ, குமட்டினாலோ, தலை சுற்றினாலோ உடனே சொல்லுங்கள். பொறுத்துக்கொள்வது அங்கே பெருமையல்ல.

அறுவைக்குப் பிறகு

சில மணி நேரத்தில் காலுக்கு உணர்வு திரும்பும். சிறுநீர் பிரியாவிட்டால் செவிலியரிடம் சொல்லுங்கள். முதுகில் ஊசி போட்டவர்களுக்கு, முக்கியமாக வயதான ஆண்களுக்கு, இது நேர்வதுண்டு. மருத்துவர் சொன்னதும் எழுந்து நடக்கத் தொடங்குங்கள். படுத்தே கிடந்தால் கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைக்கலாம். முதல் நடையின்போது ஒருவர் துணைக்கு இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டிமார்கள் பத்தியம் சொல்வார்கள். "பருப்பு வேண்டாம், முட்டை வேண்டாம், புண் சீழ் பிடிக்கும்" என்பார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. புது தசை வளரப் புரதம் தேவை. பருப்பு, முட்டை, மீன், தயிர் எல்லாம் புண்ணை ஆற்றும் பொருள்கள்தாம். மருத்துவர் தடுக்காதவரை தாராளமாகச் சாப்பிடலாம். புண்ணில் மஞ்சளோ, எண்ணெயோ, திருநீறோ வைக்காதீர்கள். பளு தூக்குவதை எப்போது தொடங்கலாம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

காய்ச்சல், புண்ணில் சிவப்பும் சீழும், ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் தவணை நாளுக்குக் காத்திராமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அந்தக் காபி

மறுபடியும் காலை ஆறு மணிக்கு வருவோம். அவர் காபியைக் குடித்தேவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது என்ன செய்வது?

ஒன்றே ஒன்றுதான். செவிலியரிடம் போய், "தெரியாமல் காபி குடித்துவிட்டேன்" என்று சொல்லிவிட வேண்டும். நாலு திட்டு விழலாம். அறுவை சில மணி நேரம் தள்ளிப்போகலாம், மறுநாளைக்கே மாறலாம். குடலிறக்கம் ஒரு நாள் காத்திருக்கும். திட்டு ஒரு மணி நேரத்தில் மறந்துபோகும். நுரையீரல் புண்ணானால் அது அவ்வளவு எளிதில் ஆறாது.

அறுவை அரங்கில் எத்தனையோ கருவிகள் இருக்கின்றன. ஆனால் நீங்கள் என்ன குடித்தீர்கள், என்ன மாத்திரை விழுங்கினீர்கள், எது உங்களுக்கு ஒவ்வாது என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவரே. மறைக்காமல் சொல்லுங்கள், தெரியாததைத் தயங்காமல் கேளுங்கள்.