படத்தின் பின்புறம்

பழைய பட அஞ்சலட்டை ஒன்றைக் கையில் எடுப்பவர் முதலில் அதன் முகப்பைத்தான் பார்ப்பார். அங்கே ஒரு கோபுரமோ கடற்கரையோ யானையோ இருக்கும். ஆனால், இத்தகைய அட்டைகளைத் திரட்டிப் பாதுகாப்போர் அதை உடனே திருப்பிப் பின்புறத்தைப் பார்க்கின்றனர். அஞ்சல்தலை, அஞ்சல் முத்திரை, வெளியிட்டவரின் பெயர், முகவரி, அவசரமாக எழுதிய நான்கு வரிச் செய்தி ஆகியவை அங்கேதான் உள்ளன. முகப்பு ஓர் இடத்தைக் காட்டுகிறது. அந்த இடத்துக்கு யார் சென்றார், எந்நாளில் சென்றார், அங்கே யாரை நினைத்துக்கொண்டார் என்பவற்றைப் பின்புறம் சொல்கிறது. இன்று கைபேசியில் எடுத்துப் பகிரப்படும் பயணப் படங்களுக்கும் காட்டுயிர்ப் படங்களுக்கும் இப்படி ஒரு பின்புறம் இருக்கிறதா என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய வினா.

அஞ்சலட்டை முதன்முதலில் 1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசில் வெளியிடப்பட்டது. இந்தியாவில் அது 1879 ஜூலை 1 முதல் விற்பனைக்கு வந்தது. விலை கால் அணா. அது படமற்ற வெற்று அட்டை. ஒருபுறம் முகவரியும் மறுபுறம் செய்தியும் எழுதப்பட்டன. படம் அச்சிட்ட அட்டைகள் அந்நூற்றாண்டின் இறுதியில் பரவியபோது ஒரு சிக்கல் எழுந்தது. முகவரிக்குரிய பக்கத்தில் வேறு எதையும் எழுத அஞ்சல் விதிகள் இடந்தரவில்லை. ஆகவே, அனுப்புவோர் படத்தின் ஓரத்தில் எஞ்சிய வெள்ளை இடத்திலும், சில நேரங்களில் படத்தின் வானத்தின் மீதுமே தம் செய்தியை நெருக்கி எழுதினர். 1902-இல் பிரிட்டன் பின்புறத்தை நடுக்கோட்டால் பிரித்து, இடப்பாதியில் செய்தியும் வலப்பாதியில் முகவரியும் எழுத இசைவளித்தது. பிற நாடுகளும் அடுத்த சில ஆண்டுகளில் அம்முறையை ஏற்றன. இதனால், நடுக்கோடு இல்லாத பட அட்டை கிடைத்தால், அதில் நாள் குறிக்கப்படாவிட்டாலும் அது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ அதற்கு முந்திய ஆண்டுகளையோ சேர்ந்தது என்று கணிக்க முடிகிறது. ஒரு கோடே காலத்தைக் காட்டிவிடுகிறது.

இந்தியக் காட்சிகளைக் கொண்ட அட்டைகளைச் சென்னையின் ஹிக்கின்பாதம்ஸ் போன்ற நிறுவனங்கள் வெளியிட்டன. ரவிவர்மா அச்சகம் தெய்வ உருவங்களை அஞ்சலட்டைகளாகவும் அச்சிட்டது. அக்காலத்தில் பல அட்டைகள் ஜெர்மனியில் அச்சாகிக் கப்பலில் வந்தன. கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு அங்கே நிறம் சேர்த்தவர்கள் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. ஆகவே, வானத்தின் நீலத்தையும் சேலையின் சிவப்பையும் அவர்கள் தம் கற்பனைப்படியே தீட்டினர். பழைய அட்டை என்பதற்காக அதில் உள்ள அனைத்தையும் உண்மை என நம்பிவிடக் கூடாது. கட்டடத்தின் அமைப்புக்கு அது சான்றாகலாம், நிறத்துக்கு ஆகாது.

பண்டிகை வாழ்த்து அட்டையின் கதை வேறு. ஹென்றி கோல் என்னும் ஆங்கிலேயர், நண்பர்கள் அனைவருக்கும் தனித்தனியே கிறிஸ்துமஸ் கடிதம் எழுத நேரமில்லாமல், 1843-இல் ஜான் ஹார்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு ஓர் அட்டையை வரையச் செய்து அச்சிட்டார். அச்சானவை ஏறத்தாழ ஆயிரம். எஞ்சியவை ஒரு ஷில்லிங் விலைக்கு விற்கப்பட்டன. பின்னர் வந்த பிரிட்டானிய அட்டைகளில் ராபின் என்னும் செம்மார்புக் குருவி நிலையான இடம்பிடித்தது. அக்காலத்து அஞ்சற்காரர்கள் சிவப்புச் சீருடை அணிந்ததால் ‘ராபின்’ என அழைக்கப்பட்டனர். அதனாலேயே கடிதத்தை அலகில் ஏந்திய குருவியை ஓவியர்கள் வரைந்தனர் என்பர். காரணம் எதுவாயினும், காட்டுயிரும் பண்டிகை அட்டையும் ஒரே தாளில் சேர்வது புதிய வழக்கம் அன்று. விந்தை என்னவெனில், பனி மூடிய கூரையும் அதே ராபின் குருவியும் கொண்ட அட்டைகள் பனியே பெய்யாத இந்திய நகரங்களிலும் டிசம்பர்தோறும் விற்றன.

தமிழ்நாட்டில் அந்த இடத்தைப் பொங்கல் வாழ்த்து அட்டை பிடித்தது. மார்கழி மாதத்தில் கடைவீதிகளில் கயிறு கட்டி அட்டைகளை வரிசையாகத் தொங்கவிடுவர். பொங்கிவழியும் பானை, கரும்பு, ஏர்பூட்டிய காளைகள் ஆகியவற்றோடு திரைப்பட நடிகர்களின் படங்களும் அங்கே இருக்கும்; சிறுவர்கள் பெரும்பாலும் இவற்றையே தேடிச் செல்வர். ஒட்டாத உறையில் இட்டால் அஞ்சல் கட்டணம் குறைவாக இருந்ததால் ‘புக் போஸ்ட்’ என எழுதி அனுப்புவது வழக்கமாக இருந்தது. மும்பையின் மாதுங்காவிலோ தில்லியின் கரோல்பாக்கிலோ வாழ்ந்த தமிழ்க் குடும்பத்துக்கு அந்த அட்டை ஊரின் மணத்தைக் கொண்டுவந்தது. அட்டையின் கரும்பு எல்லா அட்டைகளிலும் ஒன்றே. ஆனால், “அத்தைக்குக் கால்வலி தேவலை, இவ்வாண்டு கிணற்றில் நீர் உண்டு” என உள்ளே எழுதப்படும் இரண்டு வரிகள் வேறு எந்த அட்டையிலும் இருக்க மாட்டா. கைபேசிக் குறுஞ்செய்தி வந்த பின் இவ்வழக்கம் விரைந்து தேய்ந்தது. இன்று பழைய பெட்டிகளில் கிடைக்கும் அவ்வட்டைகளில் படத்துக்காகப் போற்றப்படுபவை சிலவே. எழுத்துக்காகப் பாதுகாக்கப்படுபவையே மிகுதி.

காட்டுயிர்ப் படங்களின் தொடக்கம் அவ்வளவு இனிமையானது அன்று. துப்பாக்கியுடன் நிற்பவரின் காலடியில் இறந்த புலி கிடக்கும் காட்சியே பல ஆண்டுகள் இந்தியக் காட்டின் அடையாளமாக உலகெங்கும் சென்றது. 1902-இல் ஐதராபாத் நிசாமின் ஆட்சிப்பகுதியில் வைஸ்ராய் கர்சனும் அவர் மனைவியும் வேட்டையாடப்பட்ட புலியுடன் நிற்கும் படம் அவற்றுள் புகழ்பெற்றது. இத்தகைய படங்கள் பெருமைக்காக எடுக்கப்பட்டவை. எனினும், அவற்றுள் ஒன்று எடுத்தவர் எண்ணாத வகையில் வரலாற்றுச் சான்றாகிவிட்டது. 1947-இல் இன்றைய சத்தீசுகர் மாநிலத்தில் உள்ள கொரியா சமஸ்தானத்தின் மன்னர் மூன்று சிவிங்கிப் புலிகளைச் சுட்டு வீழ்த்தினார். அப்படமும் நிகழ்வின் விவரங்களும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பப்பட்டன. மூன்றும் ஆண் விலங்குகள் என்பதும் இரவில் சுடப்பட்டன என்பதும் அதனால் தெரிந்தன. இந்தியக் காட்டில் சிவிங்கிப் புலி வாழ்ந்ததற்கு உறுதியான கடைசிச் சான்றுகளுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. 1952-இல் அவ்வினம் இந்நாட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிப் புலிகள் மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்குக் கொண்டுவரப்பட்டன. படத்தோடு அந்தக் குறிப்பு அனுப்பப்படாதிருந்தால், அது மற்றுமொரு வேட்டைப் படமாகவே முடிந்திருக்கும்.

துப்பாக்கிக்கு மாற்றாகக் கேமராவை எடுத்தவர்களுள் முதன்மையானவர் எஃப். டபிள்யூ. சாம்பியன். இவர் அன்றைய ஐக்கிய மாகாணத்தில் வன அலுவலராகப் பணியாற்றினார். புலி நடமாடும் தடத்தின் குறுக்கே மெல்லிய கம்பியைக் கட்டி, அதைப் புலி தொட்டதும் ஒளி பாய்ந்து படம் பதிவாகும்படி அமைத்தார். இரவில், மனிதர் எவரும் அருகில் இல்லாமல், புலி தன் படத்தைத் தானே எடுத்துக்கொண்டது. அப்படங்களை இலண்டனின் ஒரு புகழ்பெற்ற வார இதழ் 1925-இல் முதற்பக்கத்தில் வெளியிட்டது. 1927-இல் அவருடைய நூலும் வந்தது. படங்களை ஒப்பிட்டபோது ஒரு புலியின் வரிகள் மற்றொன்றின் வரிகளை ஒத்திருப்பதில்லை என்பதை அவர் கண்டார். மனிதரின் கைரேகையைப் போல, வரிகளைக் கொண்டே புலியை அடையாளம் காணலாம்.

இக்கண்டுபிடிப்பின் பயன் பல பத்தாண்டுகளுக்குப் பின் முழுமையாக வெளிப்பட்டது. இந்தியாவின் 2018 புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் தானியங்கிக் கேமராக்கள் வைக்கப்பட்டன. பதிவான படங்கள் 3,48,58,623. அவற்றுள் புலிப் படங்கள் 76,651 மட்டுமே. வரிகளை ஒப்பிட்டு அவை குட்டிகள் நீங்கலாக 2,461 தனிப் புலிகள் எனப் பிரித்தறியப்பட்டன. இப்படங்களில் பெரும்பாலானவை அழகற்றவை. புலியின் பின்கால் மட்டும் தெரியும், முகம் மங்கியிருக்கும். ஆனால், ஒவ்வொன்றிலும் நாளும் நேரமும் பதிவாகியுள்ளன; கேமரா வைத்த இடமும் தெரியும். அழகான புலிப் படம் ஒன்று இவை இல்லாமல் வந்தால், ஆய்வாளருக்கு அது பயன்படுவதில்லை.

இந்த மரபில் தமிழர்க்கு நெருக்கமான பெயர் மா. கிருஷ்ணன். இவர் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950 முதல் 1996-இல் மறையும்வரை கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை குறித்த தொடரை எழுதினார், தமிழிலும் எழுதினார். யானை முதலிய விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். இவருடைய பத்தியில் படமும் கட்டுரையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். விலங்கு என்ன செய்துகொண்டிருந்தது, எவ்வாறு நடந்துகொண்டது என்பதைச் சொற்கள் தாங்க, சொற்களால் காட்ட முடியாத தோற்றத்தைப் படம் தாங்கியது. 1970-இல் இவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இனி, கைபேசிப் படத்துக்கு வருவோம். அதற்கும் ஒரு பின்புறம் உண்டு. அது கண்ணுக்குத் தெரிவதில்லை. படம் பதிவாகும்போதே நாள், நேரம், கேமராவின் அமைப்பு ஆகியவை கோப்புக்குள் எழுதப்படுகின்றன. இருப்பிடம் காட்டும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், அட்சரேகையும் தீர்க்கரேகையும் அதில் சேர்கின்றன. ஆனால், செய்திச் செயலிகள் பல, படத்தைச் சுருக்கி அனுப்பும்போது இக்குறிப்புகளை நீக்கிவிடுகின்றன. பத்துப் பேரின் கைபேசிகளைக் கடந்துவரும் படம் ஊரும் பெயரும் அற்ற அநாதையாகிறது. அதற்கு எவரும் எந்த ஊரையும் சூட்டலாம். வேறு மாநிலத்தில், ஏன், வேறு நாட்டில் எடுக்கப்பட்ட சிறுத்தைப் படம் “நேற்றிரவு நம் தெருவில்” என்ற தலைப்புடன் பரவி ஓர் ஊரையே அச்சுறுத்துவது இதனால்தான். நூறாண்டுக்கு முந்திய அட்டையின் முத்திரையை இன்றும் படிக்க முடிகிறது. சென்ற வாரத்துப் படம் எங்கே எடுக்கப்பட்டது என்று சொல்ல முடியவில்லை.

அவ்வாறாயின் எல்லாப் படங்களுக்கும் இடத்தை முழுமையாக எழுதிவிடலாமா? பயணப் படங்களுக்கு எழுதலாம், எழுதவும் வேண்டும். காட்டுயிர்ப் படங்களில் விதி தலைகீழாகிறது. சீனாவில் வாழும் ஒருவகைப் பல்லியை அறிவியலாளர்கள் 1999-இல் பெயரிட்டு, அது கிடைத்த இடத்தையும் ஆய்விதழில் குறித்தனர். அக்குறிப்பைப் பயன்படுத்தி வணிகர்கள் அவற்றைப் பிடித்ததில், அந்த இடத்தில் அப்பல்லியே இல்லாமற்போனது. இந்தியாவிலும் ஆந்திரத்தின் குத்தி என்னும் ஊரின் பெயர் பெற்ற ஒளிரும் நீலச் சிலந்தி வளர்ப்புச் சந்தைக்காகப் பிடிக்கப்படுகிறது; அது மிகச் சிறிய காட்டுப் பகுதியில் மட்டுமே வாழ்கிறது. கூட்டில் முட்டையுடன் இருக்கும் பறவையின் இடம் வெளிப்பட்டால் வேட்டைக்காரர் வராவிட்டாலும் படமெடுப்போர் கூட்டமாக வருவர். அஞ்சிய தாய்ப்பறவை கூட்டைக் கைவிடக்கூடும். நல்ல எண்ணத்தோடு வருபவராலும் தீங்கு நேர்கிறது என்பதே இதில் உள்ள கடினம்.

இதற்கு ஐநேச்சுரலிஸ்ட் என்னும் இயற்கைப் பதிவுத் தளம் ஒரு வழி கண்டுள்ளது. அழிவை எதிர்நோக்கும் உயிரினத்தின் படம் பதிவேற்றப்பட்டால், சரியான இடம் காப்பில் வைக்கப்படுகிறது. பொதுமக்களுக்குப் பக்கம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் உள்ள ஒரு கட்டமே காட்டப்படுகிறது. விவரம் அழிக்கப்படவில்லை, அது யாருக்குத் தெரிய வேண்டுமோ அவருக்கு மட்டும் தெரிகிறது. தனியாகப் படமெடுப்போரும் இதையே செய்யலாம். நாள், நேரம், துல்லியமான இடம் ஆகியவற்றைத் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்து, பகிரும்போது மாவட்டத்தின் பெயரை மட்டும் குறிப்பிடலாம்.

பள்ளிக் கண்காட்சியிலோ குடும்பத் தொகுப்பிலோ பழைய வாழ்த்து அட்டைகளையும் புதிய படங்களையும் அருகருகே வைக்கும்போது இந்த வேறுபாட்டை நினைவிற்கொள்வது நன்று. அட்டையின் இருபுறத்தையும் காட்ட வேண்டும். பின்புறத்தை ஒட்டி மறைத்துவிட்டால் பாதி அட்டையே எஞ்சும். அதே நேரத்தில், அதில் உள்ள முகவரியில் இன்றும் எவரேனும் வாழ்ந்தால் அவ்வரியை மறைப்பது முறை. கைபேசிப் படத்தை அச்சிட்டால், நாள் நினைவில் உள்ளபோதே மென்மையான பென்சிலால் பின்னால் எழுத வேண்டும். பேனா மை ஊறி முகப்புக்கு வந்துவிடும்.

2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் ஒரு பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. வீட்டு மாடியிலோ குளக்கரையிலோ குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் பட்டியலிட்டு இணையத்தில் பதிவு செய்கின்றனர். எடுத்த படத்தையும் அதனோடு இணைக்கின்றனர். ஒரு காலத்தில் கரும்புப் படத்தின் பின்னே கிணற்று நீரைப் பற்றி எழுதப்பட்ட அதே நாட்களில், இன்று குளத்து நாரைகள் எழுதப்படுகின்றன. படமெடுக்கும் முன் பறந்துவிட்ட பறவையும் அப்பட்டியலில் சேரும். நாள், நேரம், இடம், எண்ணிக்கை ஆகியவை இருந்தால் போதும்.